ஐ.சி.எஃப். பெட்டிகள் எப்படி? பெரம்பூர் நீலப் பெட்டி முதல் வந்தே பாரத் வரை

ரயிலில் முன்பதிவு செய்யும்போது வண்டியின் பெயரைப் பார்க்கிறோம், கிளம்பும் நேரத்தைப் பார்க்கிறோம். எந்த வகைப் பெட்டி மாட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பவர்கள் குறைவு. ராத்திரி தூக்கம் பிடிக்குமா, வண்டி கிளம்பும்போது உடம்பு தூக்கிப்போடுமா, தடம் புரண்டால் பெட்டி தாங்குமா என்பதையெல்லாம் முடிவு செய்வது அந்தப் பெட்டிதான். அதிலும் நாம் உட்காரும் சீட்டைவிட, தரைக்குக் கீழே சக்கரமும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தொகுதியான போகிக்கும் இரண்டு பெட்டிகளை இணைக்கும் கப்ளிங்குக்கும்தான் இதில் பெரிய பங்கு.

சென்னை பெரம்பூரில் இருக்கும் இன்டக்ரல் கோச் ஃபேக்டரி, சுருக்கமாக ஐ.சி.எஃப்., 1955 முதல் இதுவரை 70,000க்கும் மேற்பட்ட பெட்டிகளைச் செய்து வெளியே அனுப்பியிருக்கிறது. அவற்றில் நெடுந்தூரப் பயணிகள் இன்று ஏறக்கூடியவை பெரும்பாலும் மூன்று வகை: பழைய ஐ.சி.எஃப். வடிவமைப்பில் வந்த நீலப் பெட்டி, ஜெர்மன் வடிவமைப்பிலான எல்.எச்.பி. பெட்டி, வந்தே பாரத். மூன்றையும் பயணியின் பக்கமிருந்தும், பிட் லைனில், அதாவது தண்டவாளத்துக்கு அடியில் உள்ள சோதனைப் பள்ளத்தில், நின்று அடிப்பாகத்தைச் சோதிப்பவர் பக்கமிருந்தும் பார்க்கலாம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கூட்டை, அதாவது பெட்டியின் வெளி உடலை, கட்டுவதில் பெரம்பூர் ஒவ்வொரு தலைமுறையிலும் நன்றாக முன்னேறியிருக்கிறது. ஆனால் பெட்டிகளை இணைக்கும் விதத்திலும் ஆட்களை உட்கார வைக்கும் விதத்திலும், பயணிகள் பட்டுச் சொன்ன பிறகுதான் ஒவ்வொரு முறையும் குறை தீர்ந்திருக்கிறது.

ஐ.சி.எஃப்.பை ஒரு கம்பெனி என்று நினைப்பவர்கள் உண்டு. அது ரயில்வே அமைச்சகத்தின் நேரடி உற்பத்திப் பிரிவு. ஆர்டர் கொடுப்பதும் ரயில்வே, வாங்குவதும் ரயில்வே. பயணி அதன் நேரடி வாடிக்கையாளர் இல்லை என்பதால், பயணியின் புகார் மண்டல ரயில்வே, ரயில்வே வாரியம் என்று சுற்றித்தான் பெரம்பூருக்குப் போய்ச் சேரும். சீட்டுக் குறைகள் சரியாக ஏன் இவ்வளவு காலம் பிடிக்கிறது என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆலை வளர்ந்த விதம்

சுதந்திரத்துக்கு முன் இங்கே ஓடிய பெட்டிகள் பெரும்பாலும் இரும்புச் சட்டத்தின் மேல் மரத்தில் கட்டியவை. மோதினால் மரம் சிதறும், தீப்பிடித்தால் மிஞ்சாது. அதை மாற்றத்தான் சூரிக் அருகே ஷ்லீரனில் இருந்த சுவிஸ் கார் அண்ட் எலிவேட்டர் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, முழுக்க இரும்பில், முழுக்க வெல்டிங்கில் கட்டும் பெட்டியை இங்கே கொண்டுவந்தார்கள். 1955 அக்டோபர் 2 அன்று பிரதமர் நேரு ஆலையைத் திறந்துவைத்தார். ஆரம்பத் திட்டம் ஆண்டுக்கு 350 கூடுகள். வெறும் கூடுகள் மட்டும்தான்: உள்ளே இருக்கை, விளக்கு, கழிப்பறை எல்லாம் வேறு பணிமனைகளில் பொருத்தப்பட்டன. உள் அலங்காரத்துக்கான ஃபர்னிஷிங் பிரிவு 1962 அக்டோபர் 2 அன்று வந்த பிறகுதான், ஏறி உட்காரத் தயாரான பெட்டி ஒரே வளாகத்திலிருந்து வெளியே வந்தது.

அதற்குப் பிறகு வளர்ச்சி வேகம். 1967இல் தாய்லாந்துக்கு போகிகள், 1971இல் தைவானுக்குப் பெட்டிகள் என்று ஏற்றுமதி தொடங்கியது. கொல்கத்தா மெட்ரோவின் முதல் வண்டிகள், புறநகர் மின்சார வண்டிகள், டெக்கான் ஒடிசி போன்ற சொகுசு வண்டிகள், இலங்கையில் ஓடும் எஸ்-13 டீசல் வண்டிகள் எல்லாம் பெரம்பூர்ச் சரக்குதான். 2018-19இல் ஒரே ஆண்டில் 3,000க்கும் அதிகமான பெட்டிகளைச் செய்தார்கள். 350 கூட்டில் தொடங்கிய ஆலை இது என்பதை நினைத்தால் இந்த எண்ணிக்கையின் எடை புரியும். கபூர்தலாவில் ஆர்.சி.எஃப்., ரேபரேலியில் எம்.சி.எஃப். என்று பிறகு இரண்டு பெட்டி ஆலைகள் வந்தன. ஆனாலும் ஒரு புது வகை வண்டி என்றால் முதலில் பெரம்பூர் பக்கம் பார்ப்பதுதான் ரயில்வேயின் வழக்கமாக இருக்கிறது.

நீலப் பெட்டி

பழைய வடிவமைப்பின் சிறப்பு, தரைச்சட்டம், பக்கச் சுவர், கூரை மூன்றும் ஒரே குழாய் மாதிரி சேர்ந்து சுமை தாங்குவது. எடை குறையும், வலு கூடும். பெட்டியின் இரண்டு முனைகளையும் மோதலில் நசுங்கிக்கொடுத்து நடுப்பகுதியைக் காப்பாற்றும் வகையில் அமைத்திருந்தார்கள். 1950களுக்கு இது பெரிய பாய்ச்சல். உடல் நீளம் 21,337 மி.மீ., அகலம் 3,245 மி.மீ.; ஸ்லீப்பரில் 72 படுக்கை, மூன்றடுக்கு ஏசியில் 64.

சவாரி எப்படி? தண்டவாளம் நன்றாக இருந்து, போகியும் ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டிருந்தால், மணிக்கு 80 அல்லது 90 கி.மீ. வேகத்தில் இந்தப் பெட்டியின் மெத்தென்ற ஆட்டத்தில் இன்றைக்கும் குறை சொல்ல முடியாது. போகியில் இரண்டு கட்ட ஸ்பிரிங் இருக்கிறது. அச்சுப் பெட்டிக்கு மேலே ஒரு கட்டம்; போகிச் சட்டத்திலிருந்து இணைப்புக் கம்பிகளில் தொங்கும், பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டமான போல்ஸ்டருக்குக் கீழே இன்னொரு கட்டம். பெட்டியின் முழு எடையும் 1,600 மி.மீ. இடைவெளியில் எண்ணெய்க்குள் அமர்ந்திருக்கும் இரண்டு சைடு பேரர்கள் மேல் இறங்குகிறது. நடுவில் இருக்கும் சென்டர் பிவட் எடையைத் தாங்குவதில்லை. இழுவையையும் பிரேக் விசையையும் கடத்துவது மட்டுமே அதன் வேலை.

இந்தப் போகியின் உயிர் டாஷ்பாட்டில் இருக்கிறது. அச்சுப் பெட்டியின் இரு பக்கமும் ஸ்பிரிங்குக்கு உள்ளே ஓர் எண்ணெய்க் குவளை. அதற்குள் மேலிருந்து இறங்கும் ஒரு கைடு. ஸ்பிரிங் அமுங்கும்போது எண்ணெய் சின்னத் துளைகள் வழியாகப் பிதுங்கி மேலே போகும். விரியும்போது திரும்பி வரும். அந்தத் தடைதான் குதிப்பை அடக்குகிறது. திருத்திய வகை கைடுக்கு 1.6 லிட்டர், பழைய வகைக்கு 1.4 லிட்டர் எண்ணெய் ஊற்ற வேண்டும். கைடு மூடிக்கு மேல் 40 மி.மீ. எண்ணெய் நிற்க வேண்டும் என்பது கணக்கு. மட்டம் அதற்குக் கீழே போனால் ஸ்பிரிங் இருக்கும், அடக்கும் வேலை நடக்காது. பெட்டி ஒவ்வொரு பாலத்து முனையிலும் இரண்டு மூன்று முறை குதித்துத்தான் நிற்கும்.

எண்ணெய் ஏன் குறைகிறது? பெரும்பாலும் இரண்டு காரணம். உள்ளே இருக்கும் ரப்பர் பாக்கிங் தேய்ந்தோ கிழிந்தோ கசிவது ஒன்று. மட்டம் பார்க்கத் திறக்கும் வென்ட் ஸ்க்ரூவைத் திரும்பச் சரியாக முடுக்காமல் விடுவது இன்னொன்று; ஓட்டத்தில் எண்ணெய் அந்தத் துளை வழியே தெறித்துப் போய்விடும். பிளாட்பாரத்தில் நின்றே இதைக் கண்டுபிடிக்கலாம். அச்சுப் பெட்டியைச் சுற்றிப் புழுதி ஒட்டிய ஈரமான கறுப்புக் கறை இருந்தால் அந்தச் சக்கரத்தில் டாஷ்பாட் கசிகிறது.

சக்கரம் புதிதில் 915 மி.மீ. விட்டம், தேய்ந்து தேய்ந்து 825 மி.மீ. வந்தால் கழித்துக்கட்டிவிட வேண்டும். சக்கரம் சிறுத்தால் பெட்டி கீழே இறங்கும், பஃபர் (பெட்டி முனையில் இடியைத் தாங்கும் உருண்டைத் தாங்கி) உயரம் பக்கத்துப் பெட்டியோடு பொருந்தாது. அதைச் சரிசெய்ய ஸ்பிரிங்குக்கு அடியில் 13 முதல் 48 மி.மீ. வரை கனமுள்ள பாக்கிங் வளையங்கள் வைப்பார்கள். பஃபர் உயரம் 1,105 மி.மீ.யைத் தாண்டக்கூடாது, சுமையோடு 1,030க்குக் கீழும் போகக்கூடாது.

பிரேக்தான் பழைய பெட்டியின் பலவீனம். கட்டை நேரடியாகச் சக்கரத்தின் ஓடுபரப்பில் அழுத்துகிறது. வேகம் கூடக்கூடச் சூடு முழுவதும் சக்கரத்திலேயே இறங்கும். பிரேக் விடுபடாமல் ஒட்டிக்கொண்டால், ஊழியர்கள் மொழியில் பிரேக் பைண்டிங், கருகிய வாடையும் புகையும் வரும். பயணிகள் தீ என்று பதறிச் சங்கிலியை இழுப்பது பெரும்பாலும் இதனால்தான். உடனே டிக்கெட் பரிசோதகரிடம் சொன்னால் போதும். வண்டியை நிறுத்தி அந்தப் பெட்டியின் பிரேக்கை மட்டும் தனியாக்கி விடுவார்கள்.

துரு இன்னொரு நோய். கழிப்பறைத் தண்ணீரும் வாசல் பக்கம் தேங்கும் தண்ணீரும் நெளிந்த தரைத்தகடுக்குள் இறங்கி, வெளியே தெரியாமல் அரிக்கும். பணிமனைக்கு வரும் பழைய பெட்டிகளில் கழிப்பறைக்கு அடியில் தகடு மாற்றுவதுதான் பெரிய வேலை.

மின்சாரம் அச்சிலிருந்து பெல்ட் போட்டுச் சுற்றும் ஆல்டர்னேட்டரில் வருகிறது. பேட்டரி 110 வோல்ட். வண்டி நின்றால் உற்பத்தியும் நிற்கும். கிராசிங்குக்காக முக்கால் மணி நேரம் நிற்கும் இடத்தில் பழைய ஏசி பெட்டி மந்தமாவதும், பெல்ட் அறுந்த பெட்டியில் விளக்கு மங்குவதும் இதனால்தான்.

ஆனால் நீலப் பெட்டியை ஓய்வுக்கு அனுப்பியது இவை எதுவும் இல்லை, கப்ளிங்தான். திருகி முடுக்கி இணைக்கும் ஸ்க்ரூ கப்ளிங்கும் இரண்டு உருண்டை பஃபரும் சாதாரண ஓட்டத்துக்கு அருமையானவை. பஃபர்கள் எப்போதும் ஒன்றையொன்று அழுத்தியே நிற்பதால் கிளம்பும்போது குலுக்கல் மிகக் குறைவு. தடம் புரளும்போது கதை வேறு. ஸ்க்ரூ கப்ளிங் அறுந்துவிடும், பஃபர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும், பின்னால் வரும் பெட்டி முன்னால் இருப்பதற்குள் புகும். 2016 நவம்பர் 20 அன்று கான்பூர் அருகே புக்ராயானில் இந்தூர்–பாட்னா எக்ஸ்பிரஸ் தடம் புரண்டபோது நடந்தது அதுதான். சுமார் 150 பேர் இறந்தார்கள். பழைய பெட்டிகளை நிறுத்த வேண்டும் என்ற முடிவு அதற்குப் பிறகு வேகம் பிடித்தது. ஐ.சி.எஃப். வடிவமைப்பின் கடைசிப் பெட்டி 2018 ஜனவரி 19 அன்று பெரம்பூரிலிருந்து வழியனுப்பப்பட்டது. 60 ஆண்டுகளுக்கு மேல் ஒரே அடிப்படை வடிவத்தைச் செய்துகொண்டிருந்தது பெருமையா என்று கேட்டால், தாமதம் என்றுதான் சொல்வோம். எல்.எச்.பி. தொழில்நுட்பம் அதற்கு முன்பே 18 ஆண்டுகளாக நாட்டுக்குள் இருந்தது.

எல்.எச்.பி.

ஜெர்மனியின் லிங்கே ஹோஃப்மன் புஷ் நிறுவனத்திடமிருந்து 2000ஆம் ஆண்டு வாக்கில் 24 பெட்டிகள் இறக்குமதியாயின. உற்பத்தி முதலில் கபூர்தலாவில் தொடங்கியது. பெரம்பூர் பிறகுதான் இதில் இறங்கியது. உடல் நீளம் 23,540 மி.மீ., அதாவது பழையதைவிட இரண்டு மீட்டருக்கு மேல் அதிகம். ஸ்லீப்பரில் 80 படுக்கை, மூன்றடுக்கு ஏசியில் 72. கூடு துருப்பிடிக்காத எஃகில் வருவதால் அரிப்புத் தொல்லை பெருமளவு குறைந்துவிட்டது.

போகி முற்றிலும் வேறு. ஃபியட் வகை. தொங்கும் போல்ஸ்டர் இல்லை, டாஷ்பாட் இல்லை. மேல்கீழ் ஆட்டம், பக்கவாட்டு ஆட்டம், வளைந்து நெளியும் ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் அதை அடக்கும் தனி டாம்பர். இரண்டு அச்சுக்கு இடைப்பட்ட தூரம் 2,896 மி.மீ.யிலிருந்து 2,560 ஆகக் குறைந்தது. பிரேக் சக்கரத்தைத் தொடுவதே இல்லை: ஒவ்வொரு அச்சிலும் 640 மி.மீ. விட்டமுள்ள இரண்டு டிஸ்க்குகள், அவற்றைத்தான் பேட் கவ்வுகிறது. சக்கரம் வழுக்கினால் உணர்ந்து பிரேக்கைத் தளர்த்தும் மின்னணுக் கருவியும் உண்டு. வடிவமைப்பு வேகம் மணிக்கு 160 கி.மீ.; நம் தடங்களில் பெரும்பாலும் 130 வரை ஓட்டுகிறார்கள்.

அந்த வழுக்கல் தடுப்புக் கருவியின் சென்சார் பழுதானால் என்ன ஆகும் என்பது பயணி தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம். பிரேக் பிடித்த சக்கரம் சுற்றாமல் தண்டவாளத்தில் இழுபட்டு ஓரிடத்தில் தட்டையாகிவிடும். பயணிகள் பெட்டிக்கு 50 மி.மீ. நீளத் தட்டை வரைதான் அனுமதி. காதால் கண்டுபிடிப்பது சுலபம். 915 மி.மீ. சக்கரம் ஒரு சுற்றுக்கு சுமார் 2.87 மீட்டர் போகும், 100 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஒன்பதுக்கு மேல் சுற்று. ஆகவே வேகத்தோடு சேர்ந்தே கூடிக் குறைந்து, இடைவிடாமல் தடதடவென்று தரையிலிருந்து வரும் அடி தட்டைச் சக்கரம். தண்டவாள இணைப்பின் சத்தம் அப்படி இருக்காது. இரண்டு போகிகளுக்கும் தனித்தனியாக, இடைவெளி விட்டுக் கேட்கும். தடதடப்பு விடாமல் கேட்டால் ரயில்வே உதவி எண்ணான 139க்கு அழைத்து வண்டி எண், பெட்டி எண் சொல்லிவிடுங்கள். தண்டவாளத்தையும் பேரிங்கையும் சேர்த்துக் கெடுக்கிற பழுது இது.

எல்.எச்.பி.யின் பெரிய புகார் ஜெர்க். கிளம்பும்போதும் நிற்கும்போதும் யாரோ பின்னாலிருந்து தள்ளுவது போல ஓர் அடி. காரணம் சென்டர் பஃபர் கப்ளர். இரண்டு இரும்புக் கை கோத்துக்கொள்ளும் இந்த அமைப்பில் கோர்வைக்குள் சிறிய இடைவெளி உண்டு. அதற்குப் பின்னால் இழுவையின் அதிர்ச்சியைத் தாங்கும் டிராஃப்ட் கியரின் ரப்பர் அடுக்கிலும் கொஞ்சம் விளையாட்டு உண்டு. ஒரு பெட்டியில் அது சொற்பம். 22 பெட்டிகளில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும்போது கடைசிப் பெட்டிக்காரருக்குத் தண்ணீர் பாட்டில் உருளும் அளவுக்கு வந்துவிடுகிறது. பேலன்ஸ்டு டிராஃப்ட் கியர் மாட்டிய பெட்டிகளில் இது கணிசமாகக் குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. ஓட்டுநரின் கையும் இதில் சேர்த்தி. இழுவையை மெதுவாக ஏற்றுபவர் ஓட்டும் வண்டியில் அதே ரேக் (ஒரு வண்டியின் மொத்தப் பெட்டித் தொடர்) அமைதியாகக் கிளம்பும்.

அதே கப்ளர்தான் உயிரையும் காக்கிறது. ஏறுவதைத் தடுக்கும் அமைப்பு இருப்பதால் தடம் புரண்டாலும் பெட்டிகள் கோத்தபடியே சாய்ந்து நிற்கும். கிளம்பும்போது விழும் அந்த அடியைப் பொறுத்துக்கொண்டுதான் ஆக வேண்டும் என்பது எங்கள் முடிவு. ஆனால் எல்.எச்.பி. என்றால் எதுவும் ஆகாது என்று நினைப்பதும் தவறு. 2023 ஜூன் 2 அன்று பாலசோர் அருகே பாகாநாகா பஜாரில் சென்னை வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் எல்.எச்.பி. வண்டிதான். பக்கத்து லூப் லைனில் (பிரதான தடத்திலிருந்து பிரியும் கிளைத் தடம்) திரும்பி, இரும்புத்தாது ஏற்றி நின்ற சரக்கு வண்டியின் மேல் 130ஐ ஒட்டிய வேகத்தில் மோதியது. அந்த அளவு விசையை எந்தக் கூடும் தாங்காது. அங்கே தவறியது சிக்னல்.

மின்சாரத்தில் எல்.எச்.பி. தெளிவாக மேல். ஆரம்பத்தில் வண்டியின் இரு முனையிலும் டீசல் ஜெனரேட்டர் பெட்டி இருந்தது; பக்கத்துப் பெட்டிக்காரர்களுக்கு ராத்திரி முழுக்க இரைச்சல். இப்போது பல வண்டிகளில் மின்சார என்ஜினிலிருந்தே 750 வோல்ட் எடுத்து எல்லாப் பெட்டிக்கும் தருகிறார்கள். வண்டி நின்றாலும் ஏசி குறையாது, டீசல் புகை இல்லை.

படுக்கை தேர்வுக்கு ஒரு குறிப்பு. போகிகள் பெட்டியின் இரு முனையை ஒட்டி இருப்பதால், முனைப் படுக்கைகளில் ஆட்டம் அதிகம், கழிப்பறை வாடையும் கதவுச் சத்தமும் கூடுதல். பழைய ஸ்லீப்பரில் 33 முதல் 40 வரை நடு அறை, எல்.எச்.பி. ஸ்லீப்பரில் 33 முதல் 48 வரை. எண்ணை 8ஆல் வகுத்து மீதி 1 அல்லது 4 வந்தால் கீழ்ப் படுக்கை, 7 வந்தால் சைடு லோயர், மீதியே இல்லாவிட்டால் சைடு அப்பர். பெரியவர்களை அழைத்துப்போகிறவர்களுக்கு 33, 36, 41, 44 நான்கும் நல்ல எண்கள், பெட்டி எல்.எச்.பி. என்றால்.

வந்தே பாரத்

2018 அக்டோபர் 29 அன்று ட்ரெயின் 18 என்ற பெயரில் பெரம்பூரில் வெளியே வந்தது. அப்போது பொது மேலாளராக இருந்த சுதான்ஷு மணியின் தலைமையில் சுமார் 18 மாதத்தில், 100 கோடி ரூபாய்க்குள் முதல் ரேக்கை முடித்தார்கள். அந்த டிசம்பரிலேயே கோட்டா பக்கம் நடந்த சோதனையில் மணிக்கு 180 கி.மீ. தொட்டது. 2019 பிப்ரவரி 15 அன்று டெல்லி–வாரணாசி இடையே ஓட்டம். ஐ.சி.எஃப்.பின் எழுபது ஆண்டுகளில் இதைவிடத் துணிச்சலான வேலை இல்லை என்றே சொல்வோம். முன்பு கூடு செய்து கொடுத்த ஆலை, இழுவை மோட்டார், கன்வெர்ட்டர், கணினிக் கட்டுப்பாடு எல்லாவற்றையும் இணைத்து ஒரு முழு வண்டியைக் கொடுத்தது.

தனி என்ஜின் கிடையாது. 16 பெட்டி வண்டியில் பாதிப் பெட்டிகளின் அச்சுகளில் மோட்டார். அதனால் எடுப்பு வேகம் அபாரம்: முதல் பதிப்பு 54.6 நொடியில் மணிக்கு 100 கி.மீ. எட்டியது. 2022 செப்டம்பரில் வந்த இரண்டாம் பதிப்பு எடையை 430 டன்னிலிருந்து 392 டன்னாகக் குறைத்து 52 நொடியில் எட்டுகிறது. நம் தடங்களில் இதன் உண்மையான லாபம் உச்ச வேகத்தில் இல்லை. வளைவு, வேகக் கட்டுப்பாடு, நிறுத்தம் என்று அடிக்கடி வேகம் இறங்கும் இடங்களில், திரும்ப ஏறுவதற்கு என்ஜின் வண்டிக்கு ஆகும் நேரம் இதற்கு ஆவதில்லை. சென்னை எழும்பூர்–திருநெல்வேலி 653 கி.மீ. தூரத்தை 7 மணி 50 நிமிடத்தில் முடிப்பது இதனால்தான். கிளம்பும்போது ஜெர்க் இல்லை. பெட்டிகள் நிரந்தரமாகக் கோத்தவை, பல பெட்டிகள் ஒரே நேரத்தில் தாமே தள்ளுகின்றன.

சீட்டுக்கு வருவோம். முதல் வண்டிகளில் சாதா சேர் காரின் முதுகு சாயாது. உட்காரும் மெத்தைதான் முன்னால் நகரும். எட்டு மணி நேரப் பயணத்துக்கு அது போதவே போதாது. புகார்கள் குவிந்த பிறகு சாயும் முதுகு வந்தது. 2023 செப்டம்பரில் வந்த ரேக்குகளில் சாய்வுக் கோணத்தை 17.31 டிகிரியிலிருந்து 19.37 ஆக்கினார்கள், மெத்தையின் கடினத்தைக் குறைத்தார்கள், கை கழுவும் தொட்டியைத் தண்ணீர் தெறிக்காதபடி ஆழமாக்கினார்கள், சார்ஜர் இடத்தை எட்டும்படி மாற்றினார்கள். எல்லாமே சரியான திருத்தங்கள். முதல் ரேக்கை வெளியே விடுமுன் சில பயணிகளை நான்கு மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்திருந்தால் இவை முதலிலேயே வந்திருக்கும்.

சேர் காரில் ஒரு வரிசைக்கு 3+2 சீட், நடுப்பெட்டியில் 78 பேர். பாதி சீட்டுகள் ஓட்டத்துக்கு எதிர்த்திசை பார்த்திருக்கும், திருப்ப முடியாது. எக்சிகியூட்டிவ் வகுப்பில் மட்டுமே சுழலும். பின்னோக்கிப் போனால் தலை சுற்றுபவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். தலைக்கு மேல் உள்ள தட்டில் கேபின் அளவுப் பெட்டி உட்காரும். கல்யாணத்துக்குப் போகும் பெரிய சூட்கேஸ்கள் உட்காராது.

கதவுகள் தானாக மூடும், ஓடும்போது திறக்காது. வழியனுப்ப உள்ளே ஏறியவர் மாட்டிக்கொண்டால் அடுத்த நிறுத்தத்தில்தான் இறங்க வேண்டும். சாமான்களை வாசலில் நின்றபடியே கைமாற்றிக் கொடுப்பது நல்லது. உள்ளே ஏறிச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

மாடு மோதி முகப்பு உடைந்த படங்களைப் பார்த்து வண்டி பலவீனம் என்று பேசியவர்கள் நிறைய. முகப்புக் கூம்பு ஃபைபரில் செய்த உறை. காற்றைக் கிழிக்கவும் அழகுக்கும் இருப்பது. உடைந்தால் கழற்றி மாற்றும்படி வைத்திருக்கிறார்கள். 2022 அக்டோபரில் அகமதாபாத் அருகே எருமைகள் மோதியபோது ஒரு நாளைக்குள் புது முகப்பு மாட்டி ஓட்டினார்கள். அதைவிடக் கவலைக்குரியது தரைக்குக் கீழே இருக்கும் மின்கருவிகள். டிரான்ஸ்ஃபார்மரும் கன்வெர்ட்டரும் அடியில் தொங்குவதால் தண்டவாளத்தில் வெள்ளம் நின்றால் ஓட்ட முடியாது. இரண்டாம் பதிப்பில் தாங்கும் உயரத்தை 400 மி.மீ.யிலிருந்து 650 ஆக்கியது நம் ஊர் டிசம்பர் மழைக்குத் தேவையான மாற்றம்.

2023 டிசம்பர் 30 அன்று ஓடத் தொடங்கிய அம்ரித் பாரத்தை இங்கே விட்டுவிட முடியாது. ஏசி இல்லாத 22 பெட்டி, முன்னும் பின்னும் ஒரு என்ஜின். முதல் வண்டிகளில் 12 ஸ்லீப்பர், 8 முன்பதிவில்லாப் பெட்டி. எல்.எச்.பி.யின் குறையான ஜெர்க்கை இதில் நேரடியாகக் கைவைத்துச் சரிசெய்திருக்கிறார்கள். பெட்டிகளுக்கு இடையே அரை நிரந்தரக் கப்ளர், இடைவெளியே இல்லை. ஒரு பக்கம் இழுக்க, மறுபக்கம் தள்ள, வண்டி சீராகக் கிளம்புகிறது. பெரம்பூரின் சமீபத்திய வேலைகளில் சாதாரணப் பயணிக்கு அதிகம் பயன்படுவது இதுதான் என்பது எங்கள் கருத்து. வந்தே பாரத்துக்குக் கிடைத்த கவனத்தில் கால் பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை.

பிளாட்பாரத்தில் நின்று பார்க்க

நிறத்தை நம்ப வேண்டாம். பழைய பெட்டிகளுக்கும் புதுச் சாயம் அடிக்கிறார்கள். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குனிந்து பாருங்கள். இரண்டு உருண்டை பஃபர் இருந்தால் பழைய வடிவம். பழைய பெட்டிகளில் சிலவற்றுக்கும் சென்டர் கப்ளர் மாட்டியிருக்கிறார்கள். அப்போது சக்கரத்தைப் பாருங்கள். ஓடுபரப்பில் கட்டை அழுத்தினால் ஐ.சி.எஃப்., கட்டையே இல்லாவிட்டால் எல்.எச்.பி. பெட்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் தயாரித்த ஆண்டு: 09 என்று தொடங்கினால் 2009. பழைய வகைக்கு ஆயுள் 25 ஆண்டு என்பதை அதோடு சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

முனைச் சுவரில் கடைசியாகப் பணிமனை பார்த்த தேதியும் அடுத்து திரும்ப வேண்டிய தேதியும் எழுதியிருக்கும். எக்ஸ்பிரஸ் வண்டிகளில் ஓடும் பழைய பெட்டிக்கு 18 மாதத்துக்கு ஒருமுறை முழுப் பராமரிப்பு. எல்.எச்.பி.க்கு 18, 36, 72 மாதம் என்று மூன்று கட்டம், அல்லது 6, 12, 24 லட்சம் கி.மீ., எது முன்னால் வருகிறதோ அது. திரும்பும் தேதி நெருங்கிய பெட்டியில் ஆட்டம் கூடுதலாக இருப்பது சகஜம். பணிமனையிலிருந்து இறங்கி ஓரிரு மாதமான பெட்டி அதே வகையிலேயே வேறு பெட்டி மாதிரி ஓடும். தேதி தாண்டியும் ஓடுகிற பெட்டி கண்ணில் பட்டால், பெட்டி எண்ணோடு 139இல் பதிவு செய்யுங்கள். எண் இல்லாமல் 'பெட்டி ஆடுது' என்று மட்டும் சொன்னால், பிட் லைனில் இருப்பவருக்கு எந்தச் சக்கரத்தின் அடியில் குனிவது என்றே தெரியாது.